வலது பக்கத்துக் கை

நோன்பு திறக்க இன்னும் கொஞ்ச நேரம்தான். வாய்க்கால் ஓரத்துச் சாலை. ஒரு வண்டி இல்லை. ஒரு ஆள் இல்லை. நடுநிசியில்கூட அந்தச் சாலையில் கரும்பு லாரி ஒன்றாவது முனகிக்கொண்டு போகும்... ரமலான் மாதத்தில் மஃரிப் பாங்குக்கு முந்தைய அந்தக் கொஞ்ச நேரத்தில் நாய்கூட வாசலைவிட்டு நகராது. ஊர் மொத்தமும் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்து பாங்குக்குக் காதைத் தீட்டிக்கொண்டிருக்கும்.

பேய் வருவதற்கு இருட்டு வேண்டும் என்று யார் சொன்னது? கிட்ட வந்து உட்காருங்கள். அந்த விளக்கைக் கொஞ்சம் தணியுங்கள். விடியலுக்கு முந்தைய சஹர் சாப்பாட்டுக்கு இன்னும் நேரம் இருக்கிறது, தேநீரை அப்புறம் ஊற்றிக்கொள்ளலாம்.

இது என் தோழி ஸஃபாவின் சின்னம்மாவுக்கு நடந்தது.

"ரமலான்லயா?" என்று ஷைமா இப்போதே உதட்டைச் சுழிக்கிறாள், பாருங்கள். "இந்த மாசம் ஷைத்தானையெல்லாம் சங்கிலி போட்டுக் கட்டி வச்சிருப்பாங்கடி."

கட்டித்தான் வைத்திருந்தார்கள். வந்தது அது இல்லை. அதுவாக இருந்திருந்தால் அந்த அம்மாள் ஃபாத்திஹா ஓதிவிட்டு நிம்மதியாக வீட்டுக்குப் போயிருப்பார்.

சின்னம்மா பெயர் இப்திஹால். மருத்துவக் கல்லூரியில் உடற்கூறியல் ஆசிரியை. டாக்டராகப் போகிறவர்கள், நர்ஸாகப் போகிறவர்கள், பல் பிடுங்கப் போகிறவர்கள் எல்லோருக்கும் உடம்பைப் பிரித்துக் காட்டுகிற வேலை. கருவியல் பாடமும் அவர்தான். அவர் பெயரைச் சொன்னாலே பிள்ளைகள் புத்தகத்தைப் புரட்ட ஆரம்பிப்பார்கள். காரணம் ஒரே ஒரு கேள்வி. மேசைமேல் ஒரு எலும்பை டொக்கென்று வைப்பார். "வலதா, இடதா?" அவ்வளவுதான். தப்பாகச் சொன்னால் பூஜ்யம். அதோடு விடவும் மாட்டார்.

"வீட்டுக்குப் போயி அம்மாவுக்கு மொலோகியாக் கீரை ஆய்ஞ்சு குடு. அதுக்கு வலது இடது தெரிய வேணாம்."

கருவில் கை எப்படி உண்டாகிறது என்று அவர் நடத்துகிற வகுப்புக்கு மட்டும் வேறு வகுப்புப் பிள்ளைகளும் வந்து சுவரோரம் நிற்பார்கள். "முதல்ல ஒரு துடுப்பு மாதிரிதான் வரும். விரல் முளைக்கிறதில்ல. விரலுக்கு நடுவுல இருக்கிறது செத்துப் போகுது, விரல் மிஞ்சி நிக்குது. ஆனா கட்டைவிரல் எந்தப் பக்கம்ங்கிறது அதுக்கும் முன்னாடியே முடிவாயிடும். முடிவான பிறகு உலகத்துல எந்தக் கொம்பனாலயும் அதை மாத்த முடியாது." சொல்லும்போது தன் இரண்டு கைகளையும் தூக்கிக் காட்டுவார். பிள்ளைகளும் குனிந்து அவரவர் கையைப் பார்த்துக்கொள்வார்கள்.

உடம்பைப் பிரிக்கிற அந்தக் கூடத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஒவ்வொரு மேசைக்கு அடியிலும் மூடி போட்ட ஒரு வாளி. அந்த மேசையில் கிடக்கிற உடம்பிலிருந்து எது வெட்டுப்பட்டாலும், ஒரு துணுக்குக் கொழுப்பானாலும், அந்த வாளிக்குத்தான் போக வேண்டும். முகத்தை எப்போதும் துணியால் மூடி வைத்திருப்பார்கள். ஆண்டு முடிவில் அந்த மேசைக்குரியது எல்லாம் ஒரே கஃபன் துணிக்குள் சேரும். தொழுகை நடக்கும். பாலைவன ஓரத்தில் இருக்கிற தர்மக் கல்லறையில் அடக்கம். யாரும் இல்லாதவர்களுக்கு ஊர் கட்டிவைத்த நிலவறை அது.

இந்த வழக்கத்தில் இப்திஹாலைப் போலக் கறார் யாருமில்லை. ஒருமுறை ஒரு பையன் துண்டு தோலைக் குப்பைக்கூடையில் போட்டுவிட்டான். வகுப்பை நிறுத்தி, கூடை முழுவதையும் கவிழ்த்து அவனைத் தேட வைத்தார். அவனுக்கு அழுகையே வந்துவிட்டது. அப்படிப்பட்ட மனுஷி.

கடைசி மேசையில் ஒரு பெண்ணின் உடம்பு. அரசு ஆஸ்பத்திரியில் இறந்தவள். சொந்தம் என்று யாரும் வரவில்லை. உள்ளங்கையில் காய்ப்பு இருந்தது, காலமெல்லாம் எதையோ பிழிந்து பிழிந்து வந்த காய்ப்பு. அந்த வலது கையை மட்டும் இப்திஹால் பிள்ளைகளிடம் விடவில்லை. தானே எடுத்துக்கொண்டார். நாட்கணக்கில் உட்கார்ந்து தோலை மயிரிழை மயிரிழையாகப் பிரித்தார். உள்ளங்கையில் ரத்தக்குழாய் ஒரு வளைவாகச் சுற்றி வரும். எத்தனையோ பேருக்கு அது பாதியில் அறுந்துபோய்த்தான் இருக்கும். இந்தப் பெண்ணுக்கு முழுசாக, கொடியில் தொங்குகிற மாலை மாதிரி... அப்படி ஒரு அழகு. கட்டைவிரலுக்குப் போகிற நரம்பு, தலைமுடி கனம்தான், அறுபடாமல் கிடைத்தது.

அந்தச் சமயம் பார்த்துக் கல்லூரியைச் சோதிக்க மேலிடத்திலிருந்து ஆட்கள் வருவதாக இருந்தது. காட்சி அறையில் இருந்த பழைய கை கூழாகிப் போயிருந்தது. இப்திஹாலுக்கு அந்த எண்ணம் வந்தது. வரக்கூடாத எண்ணம்தான். வந்துவிட்டது. கையை மணிக்கட்டோடு எடுத்து, ஜாடியில் கெடாமல் வைக்கிற ஃபார்மலின் திரவம் ஊற்றி உள்ளே வைத்தார். மூடியைச் சுற்றி மெழுகு பூசினார். 'வலது கை' என்று எழுதிக் கீழே தன் பெயரையும் எழுதி ஒட்டினார்.

ஆனால் அடக்கத்துக்கு உடம்பைக் கட்டுகிறவர் ஷவ்க்கி சாச்சா. அந்தக் கூடத்திலேயே தலை நரைத்தவர். துணியை மடிக்கும்போது மேலிருந்து கீழ்வரை தடவிப் பார்த்துத்தான் முடிச்சுப் போடுவார். வலது பக்கம் காலியாக இருந்தால் தெரிந்துவிடும். பழைய துண்டுகள் கிடக்கிற தொட்டியில் இப்திஹால் கையைவிட்டுத் தேடினார். யாருடையவோ... எந்தக் காலத்ததோ... வலது கை ஒன்றுகூட இல்லை. ஒரு இடது கைதான் கிடைத்தது. கறுத்துப் போனது, தோல்கூட உரிக்காதது.

அதை எடுத்து அந்தப் பெண்ணின் வலது மணிக்கட்டுக்குக் கீழே வைத்தார். கட்டைவிரல் பிசகாகத் தெரிந்தது. கையைத் திருப்பி வைத்தார். அப்போதும் தெரிந்தது. துணியை இழுத்து மூடிவிட்டார்.

"எல்லாம் சேர்ந்துடுச்சா டாக்டரம்மா?" என்று ஷவ்க்கி சாச்சா கேட்டார்.

"சேர்ந்துடுச்சு."

அவர் தடவிப் பார்த்தார். கை தட்டுப்பட்டது. முடிச்சுப் போட்டார். டாக்டரம்மா சொன்ன பிறகு அவர் ஏன் சந்தேகப்படப் போகிறார்? ஜனாஸா தொழுகையில் இப்திஹால் பெண்கள் வரிசையில் நின்றார். வாய் ஓதிக்கொண்டிருந்தது. மனம் துணிக்குள் இருந்த கட்டைவிரலையே சுற்றியது.

வந்தவர்கள் ஜாடியைத் தூக்கித் தூக்கிப் பார்த்தார்கள். இப்படி ஒரு வேலையை நாங்கள் பார்த்ததில்லை என்றார்கள். முதல்வர் எல்லார் முன்னிலையிலும் எழுந்து நின்று கைகொடுத்தார். இப்திஹால் சிரித்தார். கை கொடுக்கும்போது மட்டும் என்னவோ உறுத்தியது, அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பிறகு ஒரு நாள் ஒரு நர்ஸிங் பெண், "இது யாரோட கை மேடம்?" என்று கேட்டாள். "காலேஜோடது," என்று சொல்லிவிட்டு அவள் முகத்தைப் பார்க்காமல் அடுத்த ஜாடிக்குப் போனார். அன்று இரவு தூக்கம் வரவில்லை.

இனி அந்தச் சாலைக்கு வருவோம்.

மறுநாள் நர்ஸிங் பிள்ளைகளுக்குச் செய்முறைத் தேர்வு. மேசைக்கு மேசை ஒரு பொருளை வைத்து, மணி அடித்தால் அடுத்த மேசைக்கு நகர வேண்டிய தேர்வு. இப்திஹால் எல்லாவற்றையும் தன் கையாலேயே அடுக்கினார். கை இருந்த ஜாடியைக் கடைசி மேசையில் வைத்து, பெயர்ச்சீட்டை வெள்ளைத்தாள் ஒட்டி மறைத்தார். ஒரே கேள்வி... 'எந்தப் பக்கம்?' கூடத்தைப் பூட்டிச் சாவியைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பும்போது வெயில் சாய்ந்துவிட்டது.

வாய்க்கால் சாலை. கார்க் கண்ணாடி இறங்கியிருந்தது. சாலையில் சக்கரம் உரசுகிற சத்தம் மட்டும்... கல்லறைப் பக்கம் திரும்புகிற இடத்தில் ஒரு வேகத்தடை. ரமலானில் அங்கே வழக்கமாக நாலைந்து பேர் நின்று, வீடு போய்ச்சேர முடியாமல் மாட்டிக்கொண்ட வண்டிக்காரர்களுக்குப் பேரீச்சம்பழம் கொடுப்பார்கள். அன்றைக்கு ஒரே ஒரு பெண். கறுப்பு அபாயா. இடது கையில் தகரத் தட்டு.

இப்திஹால் வண்டியை நிறுத்தினார். கொடுக்கிறவரை மதிக்காமல் போவது முறையில்லையே. அந்தப் பெண் ஓட்டுநர் உட்காருகிற இடது பக்க ஜன்னலருகே வந்தாள். நனைந்த மண் வாடை. அதற்கு அடியில் ஃபார்மலின்... அது தன் உடுப்பின் வாடை என்று இப்திஹால் நினைத்தார். தட்டு லேசாகக் கடகடத்தது. தூரத்துப் பள்ளிவாசலில் ஒலிபெருக்கி கரகரத்து, பாங்கு ஆரம்பமானது.

அந்தப் பெண் வலது கையை ஜன்னலுக்குள் நீட்டினாள். உள்ளங்கையில் மூன்று பழம்.

இப்திஹாலுக்குப் பயம் வருவதற்கு முன்னால் பாடம் வந்துவிட்டது. இத்தனை வருஷப் பழக்கம், கண் தானாகக் கட்டைவிரலைத் தேடியது. வெளியே நிற்பவள் வலது கையை நீட்டி உள்ளங்கையை மேலே காட்டினால், கட்டைவிரல் வண்டியின் பின்பக்கம் பார்க்க வேண்டும்.

இது முன்பக்கம் பார்த்தது.

கண் மெதுவாக மேலே போனது. கறுத்த விரல்கள்... மணிக்கட்டு... முழங்கை... தோள். தோள் வலது தோள்தான். தட்டைப் பிடித்திருந்த கையைப் பார்த்தார். அதுவும் இடது. முகத்தைப் பார்க்கவில்லை. பார்க்க முடியவில்லை. ஒரு வருஷம் முழுவதும் அந்த முகத்தை அவர் பார்த்ததே இல்லையே.

அந்தப் பெண் தலையைக் குனிந்துகொண்டாள். கூச்சப்படுகிற குரலில் சொன்னாள்.

"இடது கையால குடுக்கிறேன்... தப்பா எடுத்துக்காதீங்கம்மா."

கேட்டீர்களா? வெட்கப்பட வேண்டியவர் யார், வெட்கப்பட்டது யார்?

இப்திஹால் பழத்தை வாங்கினார். பிறகு எப்படி வண்டியைக் கிளப்பினார், எப்படி வாயில் போட்டார் என்று அவருக்கே நினைவில்லை. பழத்தில் எந்தக் கெட்ட வாடையும் இல்லை. நல்ல பழம்... நல்ல இனிப்பு. அந்த இனிப்புதான் அவரைக் கொன்றது.

வீட்டில் எல்லோரும் பாதிச் சாப்பாட்டில் இருந்தார்கள். புருஷன் ஹில்மி இவர் முகத்தைப் பார்த்துவிட்டு, "என்ன, உன் ஜாடியில இருந்து எதுனா எந்திரிச்சு வந்துடுச்சா?" என்று சிரித்தார். இப்திஹால் வெளிறிப்போனதைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினார்.

"வழியில ஒரு பொம்பள பழம் குடுத்தா. இடது கையால குடுத்தா," என்று மட்டும் சொன்னார்.

"பாவம், வலது கைக்கு என்ன வந்துச்சோ," என்றார் மாமியார் இன்ஷிராஹ், ரொட்டியைப் பிய்த்துக்கொண்டே. "மறுமையில நன்மை தீமை எழுதின ஏட்டை வலது கையில வாங்குற நல்லவங்க கூட்டத்துல சேர்த்துடு ஆண்டவனேன்னு தினமும் கெஞ்சுறோம். கை இல்லாமப் பொறந்தவளா இருந்தா அவன் அங்க குடுத்துருவான். நீ சூப்பைக் குடி, ஆறிப் போச்சு."

கை இல்லாமல் பிறந்தவள் இல்லை மாமி... நான்தான் எடுத்தேன். சொல்ல நாக்கு எழவில்லை. கரண்டியைத் தூக்க வலது கை எழவில்லை. அத்தனை பேர் முன்னால் உட்கார்ந்திருக்கவே உடம்பு கூசியது. நாளைக்குத் தேர்வு முடியட்டும், முடிந்ததும் கையைக் கொண்டுபோய்ச் சேர்த்துவிடலாம் என்று முடிவு செய்தார். அப்போதும் தேர்வு முடியட்டும் என்றுதான் நினைத்தார், பாருங்கள்.

மறுநாள் பூட்டைத் திறந்ததும் பிள்ளைகளை உள்ளே விட்டார். தேர்வு நடந்தது. மணி அடித்தது, நகர்ந்தார்கள், மணி அடித்தது, நகர்ந்தார்கள். கடைசி மேசைப் பக்கம் அவர் போகவில்லை. முடிந்ததும் எல்லோரையும் வெளியே உட்கார வைத்துவிட்டுத் தாள்களைத் திருத்தினார். கடைசிக் கேள்விக்கு முதல் தாளில் 'இடது'. தப்பு. அடுத்த தாளில் 'இடது'. தப்பு. அதற்கடுத்ததிலும்... வகுப்பு முழுவதும் இடது என்று எழுதியிருந்தது. யாரோ மூத்த மாணவிகளிடம் கேட்டு உருப்போட்டு வந்த இரண்டு பேர் மட்டும் வலது என்று எழுதியிருந்தார்கள்.

சிவப்பு மை காய்வதற்குள் பிள்ளைகளைக் கூப்பிட்டு உலுக்கி எடுத்தார். ரவ்யா என்ற பெண் எழுந்து நின்றாள். நன்றாகப் படிக்கிறவள்.

"மேடம், மன்னிச்சுக்குங்க... அது இடதுதான்."

"நீயுமா? சரி, உங்க எல்லாருக்கும் சேர்த்து ஒரு மூட்டை மொலோகியா வாங்கித் தரேன். வா. எல்லாரும் வாங்க."

விறுவிறுவென்று கடைசி மேசைக்குப் போய் ஜாடியைத் தூக்கி வெளிச்சத்தில் காட்டினார்.

"கட்டைவிரலைப் பார்த்துச் சொல்லு."

ஜாடிக்குள் கறுத்துப்போன ஒரு கை. தோல் உரிக்காதது. இடது.

"நீங்கதான் தேர்வுக்காக ஜாடியை மாத்தி வச்சிருக்கீங்கன்னு நெனச்சோம் மேடம்," என்றாள் ரவ்யா மெதுவாக.

இப்திஹால் மூடியைப் பார்த்தார். அவர் பூசிய மெழுகு, அவர் விரல்ரேகை பதிந்த மெழுகு, ஒரு கீறல் இல்லாமல் அப்படியே இருந்தது. வெள்ளைத்தாளுக்கு அடியில் அவர் கையெழுத்து. வலது கை. தயாரித்தவர்... அவர்தான். அத்தனை பிள்ளைகளும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். காது மடல்வரை சூடேறியது. ஜாடியைக் கீழே வைத்துவிட்டு, "நீங்க எழுதினதுதான் சரி... போங்க," என்றார். அவர் வாயிலிருந்து இப்படி ஒரு சொல்லை அந்தக் கல்லூரி அதுவரை கேட்டதில்லை.

அன்றைக்கே ஷவ்க்கி சாச்சாவைத் தேடிப் போனார்.

"சாச்சா, ஒண்ணு விடுபட்டுப் போச்சு. கல்லறையைத் திறக்கணும்."

விடுபட்டுப் போச்சு. கவனியுங்கள். அப்போதும் வாய் அப்படித்தான் சொன்னது. ஷவ்க்கி சாச்சா ஒன்றும் கேட்கவில்லை. "தர்மக் கல்லறைதானே டாக்டரம்மா, வாரத்துக்கு ஒருதடவை திறக்கிறதுதான்," என்றார். கேட்டிருந்தாலாவது ஆறுதலாக இருந்திருக்கும்.

பிற்பகல் அஸர் தொழுகை முடிந்து கிளம்பினார்கள். இடது கையை வெள்ளைத்துணியில் சுற்றி இப்திஹால் மடியில் வைத்திருந்தார். பாலைவனக் காற்று மணலைச் சுவரில் அடித்துக்கொண்டிருந்தது... சர், சர் என்று. ஷவ்க்கி சாச்சா திறப்பை மூடியிருந்த மண்ணைக் கொத்திக் கல்லைப் புரட்டினார். உள்ளே படி இறங்கியது. படிக்குக் கீழே ஒன்றும் தெரியவில்லை. குளிர்ந்த மண் வாடை மட்டும் மேலே வந்தது.

"நான் உள்ள இறங்குறேன். நீங்க மேல இருந்து நீட்டுங்க, நான் வாங்கி வச்சிடுறேன்," என்றார். மண்வெட்டியைச் சுவரில் சாய்க்கிற சத்தம் கேட்டது.

இப்திஹால் திறப்பின் ஓரத்தில் மண்டியிட்டு உட்கார்ந்தார். கண்ணை மூடி ஃபாத்திஹா ஓதினார். ஓதி முடித்தபோது கீழே துணி உரசுகிற சத்தம். சாச்சா இறங்கிவிட்டார் என்று தெரிந்தது. பொட்டலத்தை வலது கையால் எடுத்து இருட்டுக்குள் நீட்டினார். ஒரு கை வந்து அதை வாங்கிக்கொண்டது.

அவ்வளவுதான், வேலை முடிந்தது. எழுந்து போயிருக்கலாம். ஆனால் முகம் தெரியாத அந்த இருட்டில்தான் அவருக்கு வாய் திறந்தது.

"சாச்சா... விடுபட்டுப் போகல. பொய் சொன்னேன். நானேதான் எடுத்து வச்சுக்கிட்டேன். நாலு பேர் என் வேலையைப் பார்த்துக் கை தட்டணும்னு எடுத்தேன். உங்களை ஏமாத்த வேற எவரோடதோ இடது கையை அங்க வச்சேன். வைக்கும்போதே தெரியும் எனக்கு. கட்டைவிரல் தப்பா இருக்கிறது தெரிஞ்சுதான் மூடினேன்." நீட்டிய கையை இன்னும் மடக்கவில்லை. "அவ என்கிட்ட வந்து மன்னிப்புக் கேட்டா சாச்சா. என்கிட்ட... எனக்கு மானம் போகுது."

நீட்டிய அவர் கையை அந்தக் கை பிடித்துக்கொண்டது. மெதுவாக ஒருமுறை அழுத்தியது, போகட்டும் விடு என்று சொல்கிற மாதிரி. இப்திஹால் வாய்விட்டு அழுதார்.

அப்போது பின்பக்கம் கல்லறைச் சுவரைச் சுற்றிக்கொண்டு காலடிச் சத்தம் வந்தது. கைவிளக்கின் வெளிச்சம் அவர் தோளில் விழுந்தது.

"வண்டியில விளக்கை எடுக்கப் போனேன் டாக்டரம்மா," என்றார் ஷவ்க்கி சாச்சா. "யாருகிட்ட பேசிட்டிருக்கீங்க?"

இப்திஹால் திரும்பவில்லை. பிடித்திருந்த கை இன்னும் விடவில்லை. கட்டைவிரல் எந்தப் பக்கம் என்று பார்க்க அவருக்கு வெளிச்சம் தேவைப்படவில்லை.

வலது. அதன் உள்ளங்கையில் தோல் இல்லை.